பதினாறு கோரும் ஓர் ஆயுத பூஜையும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் வாசலில் நின்று ஒட்டுக்கேட்டது, அதுவும் பாதிதான். எழுத உட்கார்ந்த நாளிலிருந்து என் பிராணனை வாங்குகிறது.

'விண்வெளிபோல் பரந்த வலைப்பின்னலில் ஒரு சிறு...' சீ! அடித்துவிட்டேன்.

2

அந்தத் தறிக்கூடத்து வீட்டுப் பெண் தேன்மொழி திருப்பதியில் ஒரு பழைய கணினி வாங்கிவந்தாள். பதினாறு கோர், ஒரே சமயத்தில் பதினாறு வேலை பார்க்கும். ஆராய்ச்சிக்காரர்களின் பெரிய கணக்கைத் துண்டு துண்டாக வாங்கி, சொந்தக் கணினியில் போட்டுத் திருப்பி அனுப்பும் ஆட்கள் உலகெங்கும் உண்டு. காசு கிடையாது. அவள் தேர்ந்தெடுத்தது தசை கரையும் நோய்க்கான கணக்கு. அண்ணன் மணிவேலுக்கு அந்த நோய்.

(பதினாறையும் கணக்குக்கே கொடுத்தாள்; கணினி திணறி நின்றது. இரண்டை விட்டுவைத்தாள். பிறகு தறிப் பஞ்சு கணினியின் விசிறியை அடைத்தது. எல்லாவற்றையும் எழுதினால் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.)

3

முதல் துண்டு முடியும் தறுவாயில் ஆயுத பூஜை வந்து தொலைத்தது. சாயங்காலத்துக்குள் அனுப்பாவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும். அவளுடைய அப்பா வேதாச்சலம் தறிகளை நிறுத்திப் பொட்டு வைத்தார். கணினிக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு சுவிட்சில் கை வைத்தார்.

"நைனா! ஓடிக்கினு இருக்குது, தொடாத!"

"அதாம்மா நானும் சொல்றேன். இன்னிக்கி நம்ம ஊட்ல எந்த மெஷினும் ஓடக்கூடாது."

"இது இன்னா தறியா? அண்ணனுக்காவ கணக்கு போட்டுக்கினு இருக்குது."

"அவனுக்காவத்தான் நானும் சாமி கும்புடறேன். நாளைக்கி போடு."

"நாளைக்கி வாங்கிக்க மாட்டாங்க நைனா!"

இருவரும் ஒரே பிள்ளைக்காகத்தான்... இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குப் பொறுமையில்லை.

4

முடிவு ஒன்று: அவர் நிறுத்திவிடுகிறார். எழுதிப் பார்த்தேன். அதோடு தேன்மொழி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

முடிவு இரண்டு: கடைசி நொடியில் மனம் மாறுகிறார். சுத்தப் பொய். நீங்கள் வேதாச்சலத்தைப் பார்த்ததில்லை.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. மணிவேல் மூச்சுவிடுவதே ஒரு மெஷினால்தான். காலையில் வேதாச்சலம் அதற்கும் பொட்டு வைத்தார், நிறுத்தவில்லை. 'அத்த நிறுத்தினியா நைனா?' என்று தேன்மொழி கேட்டால் போதும், அவர் கையை எடுத்துவிடுவார். அவள் ஜெயித்துவிடுவாள்.

ஆனால் மணிவேல் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். காது நன்றாகக் கேட்கும்.

அந்த வரியை எழுதி எழுதி அடித்துவிட்டேன். என்னால் ஆகாது. இந்தாருங்கள் பேனா. உங்களுக்குத் துணிச்சலிருந்தால் நீங்களே அவளைக் கேட்க வையுங்கள். கேட்கும்போது மட்டும் மணிவேலின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள்.