ஒழுகிய கூரைக்கு ஒரு பாராட்டு

மனிசாலெஸ் நகர நாடக விழாவில் விமர்சகர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தண்டனை என்றும் சொல்லலாம். மாலையில் நாடகம் பார்த்தவர், மறுநாள் காலை எட்டு மணிக்குள் தன் விமர்சனத்தை அரங்கத்தின் கதவில் ஒட்டிவிட வேண்டும். ஒட்டிய பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. பதினொரு மணிக்கு நாடகக் குழு எதிரே வந்து உட்காரும். எழுதியவரே அதை அவர்கள் முகத்தைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் எழுதிவிட்டு நழுவுகிற வேலையெல்லாம் இந்த ஊரில் நடக்காது.

அந்த வருடம் இளம் விமர்சகர்கள் பயிலரங்குக்கு வந்த எட்டுப் பேரில் உள்ளூர்க்காரி யாமிலெத் ஒருத்திதான். வயது இருபத்து மூன்று. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பத்து நாள் விடுப்பு வாங்கி வந்திருந்தாள். எட்டுப் பேரில் ஒருவரை, வெளிநாட்டில் மொந்தெவிதேயோ நகரில் நடக்கும் உலக இளம் விமர்சகர் கூட்டத்துக்கு அனுப்பப் போகிறார்கள். யாமிலெத் அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. யாராவது கேட்டால் "அதெல்லாம் யாருக்கு வேணும்" என்பாள். மனதுக்குள் பெட்டியே கட்டி முடித்திருந்தாள்.

அவள் பங்குக்கு வந்தது பொலிவியாவின் ஒரூரோ ஊர்க் குழு. சுரங்கத்தில் கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி. அவளிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்க வரும் கம்பெனிக்காரன். மேடையில் இவர்கள் இரண்டு பேர்தான். நாடகம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், மேலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மேசையில் விழுந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அடுப்பிலிருந்த சூப்புப் பானையை எடுத்து வந்து அதன் கீழே வைத்தாள். அதன்பிறகு அவன் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. ஒரு சொட்டு விழும், பிறகுதான் வாயைத் திறப்பாள். "கையெழுத்து போடுறியா?" டொக். "மாட்டேன்." அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

யாமிலெத் விடியற்காலையில் எழுந்து எழுதித் தள்ளினாள். 'சொட்டுகளால் காலத்தை அளக்கிறார் இயக்குநர் ரெமிகியோ' என்று தொடங்கி, 'முதல் சொட்டு விழுந்ததும் தன் கற்பனை பலித்த பூரிப்பில் அவர் இருக்கையை விட்டே எழுந்துவிட்டார்' என்று நேரில் கண்ட சாட்சியும் சொல்லி, இயக்குநரை வானத்துக்குத் தூக்கியிருந்தாள். ஏழே முக்காலுக்கு நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டிவிட்டு, அரேப்பா என்ற சோள ரொட்டியும் காப்பியும் வாங்கிக்கொண்டு அரங்கத்தின் படியில் உட்கார்ந்தாள்.

அரங்கக் காவலாளி எவெலியோ ஏணியிலிருந்து இறங்கினார். கையெல்லாம் தார்.

"என்னண்ணே, காலங்காத்தால கூரை மேல?"

"பின்ன? நேத்து ராத்திரி மழைக்கு மேடையிலேயே ஒழுகியிருக்கு. பாவம், பொலிவியாக்காரங்க. அந்த டைரக்டர் என் சட்டையப் பிடிக்காத குறைதான். இப்ப தகரம் வெச்சு அடைச்சாச்சு. இனி நோவா காலத்து மழை வந்தாலும் ஒழுகாது."

யாமிலெத்தின் வாயில் இருந்த அரேப்பா அப்படியே நின்றுவிட்டது.

"அப்ப அது... வேணும்னு வெச்சதில்லையா?"

"ஒழுகுறத யாரும்மா வேணும்னு வெப்பா?"

செய்தியைக் கேட்ட சக விமர்சகன் வாஷிங்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். குவாயாகில் ஊரிலிருந்து வந்தவன். மொந்தெவிதேயோ அவனுக்கும்தான் வேண்டும். ஆனாலும் நல்லவன்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறவ நீ, ஓட்டை தெரியலையாடி உனக்கு?"

"சிரிக்காத. செத்துட்டேன் நான்."

"ஒண்ணும் சாகல. படிச்சு முடி, வாய மூடிக்கிட்டு உக்காரு. அந்த ஆளு 'ஐயோ, அது என் ஐடியா இல்லீங்க'ன்னு எழுந்து சொல்லப் போறானா? பாராட்டு யாருக்குக் கசக்கும்?"

வாஷிங்டன் சொன்னபடியேதான் நடந்தது. பதினொரு மணிக்கு யாமிலெத் படித்து முடித்தாள். பயிலரங்கை நடத்தும் எல்விரா அம்மாள் அபூர்வமாகத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு ஏறக்குறைய விமான டிக்கெட் என்றே அர்த்தம். ரெமிகியோ எழுந்து கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"இந்தப் பொண்ணுக்குப் பார்வை இருக்கு. அந்தச் சொட்டுக்காக ஏழு மாசம் யோசிச்சோம். எத்தனை நொடிக்கு ஒரு சொட்டுன்னு நானே உக்காந்து எண்ணினேன்."

மனிதர் பொய்யை எவ்வளவு அழகாகச் சொன்னார்! யாமிலெத்துக்குக் கை தட்டக்கூடத் தோன்றியது. பிழைத்தோம் என்று மூச்சை விட்டவள், அவருக்குப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். நாடகத்தில் நடித்த பாசிலியா. நாற்பது வயதிருக்கும். அவள் ரெமிகியோவையும் பார்க்கவில்லை, யாமிலெத்தையும் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பானையைத் தூக்கி வந்த கைகள் அவை.

யாமிலெத்துக்குச் சுரீர் என்றது. சொட்டு விழுந்தபோது ரெமிகியோ அவளுக்கு இரண்டு வரிசை முன்னால்தான் இருந்தார். அவர் எழுந்தது பூரிப்பில் இல்லை, பதறிப்போய். மேடையில் பதறாமல் இருந்தவள் இவள் ஒருத்தி. அவள் பெயரை அத்தனை நீள விமர்சனத்தில் ஓரிடத்தில்கூட எழுதவில்லை. 'நடிகை' என்று ஒரே ஒரு தடவை போட்டதோடு சரி. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் மறுபடி எழுந்தாள். வாஷிங்டன் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"உக்காருடி, பைத்தியம்."

"நான் எழுதினது தப்பு," என்றாள் யாமிலெத். "கூரை ஒழுகிச்சு. மழைக்கு. காலைல எவெலியோ அண்ணன் தார் பூசி அடைச்சுட்டாரு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரெமிகியோவின் கை கழுத்துத் துண்டிலேயே நின்றது.

"ஆனா நான் பார்த்தது நெஜம். ஒரு சொட்டு விழுந்ததும், இது நம்ம வீடு, ஒழுகத்தான் செய்யும்னு ஒருத்தங்க முடிவு பண்ணாங்க. பானைய எடுத்து வெச்சாங்க. ஒரு மணி நேரம் அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்து காத்திருந்து பேசினாங்க. அத ஒத்திகை பார்க்க முடியாது. அந்த ஒருத்தங்க பேர நான் எழுதல. பாசிலியா கோல்கே. மன்னிச்சுக்கங்க அக்கா."

பாசிலியா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். எல்விரா அம்மாள் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த விமர்சகரைக் கூப்பிட்டார்.

மதியம் முடிவு வந்தது. மொந்தெவிதேயோவுக்கு வாஷிங்டன். கண்ணால் கண்டதைச் சரிபார்க்காமல் கதவில் ஒட்டியவளை எப்படி அனுப்புவது என்று எல்விரா அம்மாள் நேரடியாகவே சொன்னார். அதில் தப்பு சொல்ல யாமிலெத்திடம் ஒன்றும் இல்லை. வாஷிங்டனைக் கட்டிப் பிடித்து வாழ்த்தினாள். பிறகு கழிவறைக்குப் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் பாசிலியா நின்றிருந்தாள். கையில் ஓர் அனுமதிச் சீட்டு.

"பதினாலு வருஷமா இந்தக் குழுவுல நடிக்கிறேன்," என்றாள். "என் பேர சபையில இன்னிக்குத்தான் கேட்டேன். இன்னிக்கு சாயங்காலம் ரெண்டாவது காட்சி. வர்றியா?"

"எழுத வேற ஆளப் போட்டுட்டாங்கக்கா."

"கதவுல ஒட்ட வேணாம். எனக்கு எழுது." சீட்டை அவள் கையில் திணித்தாள். "இன்னிக்குக் கூரை ஒழுகாது. அது இல்லாம நான் சரியில்லேன்னா, அதையும் எழுது. என் பேரப் போட்டு எழுது."