ஓடைக்குக் கொண்டுபோன கல்

"யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று மூப்பர் ஆசா புரூயிட் மூன்றாவது முறையும் கேட்டார்.

மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய சபைவீட்டில் இருபத்தாறு பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் மூப்பரின் மகள் லவீனியா நின்றாள். பதினாறு வயது. ஆண்டவர் தன் மனதில் செய்த காரியத்தைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்து, கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஆட்சேபணை இல்லையென்றால் நாளை ஞாயிறு காலையே சிக்கமோர் ஓடையில் அவளுக்கு முழுக்கு ஞானஸ்நானம். பாப்டிஸ்ட் சபையில் அதுதான் முறை. கீழ்ப்படிய ஒப்புக்கொண்ட பிறகு, வெயில் வரட்டும் என்று காத்திருப்பது சந்தேகப்படுவதற்குச் சமம்.

பெண்கள் வரிசையில் நான்காவதாக உட்கார்ந்திருந்த அவள் அம்மா ரோடாவுக்கு ஆட்சேபணை இருந்தது. அது தொண்டைவரை வந்து நின்றது. ஓடைமேல் பனிக்கட்டி ஒரு சாண் கனத்துக்கு உறைந்திருந்தது. லவீனியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சு பலவீனம். இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு இதே ஓடையில், மிருகங்களுக்கு வைத்த பொறியைப் பார்க்கப் போன மகன் சைலஸ், பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் விழுந்தான். தானாகவே எழுந்து சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான். ஐந்தாம் நாள் அவனைப் புதைத்தார்கள். அவனுடைய சாம்பல்நிறக் கோட்டு இன்னும் கதவோர ஆணியில் தொங்குகிறது. அதை யாரும் தொட ரோடா விட்டதில்லை.

'வைகாசி வரட்டும், ஒரு மூன்று மாதம்' என்று சொன்னால் போதும். ஆனால் மூப்பரின் மனைவி அதை எப்படிச் சொல்வாள்? ஞானஸ்நானத் தண்ணீரில் இறங்கியவர் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்று ஓஹையோ ஆற்றைக் கடந்து வந்த நாள் முதல் எல்லோரும் சொல்லிவருகிறார்கள். அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லித் தைரியம் கொடுத்திருக்கிறாள்.

சம்மதம் சொல்லிக் கைகள் உயர்ந்தன. ரோடாவின் கையும் உயர்ந்தது.

வெளியே வந்ததும் மாவுமில்லுக்காரர் மனைவி டார்கஸ் ஹாப்ஸ் பிடித்துக்கொண்டாள். ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை.

"என்ன ரோடா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? மூப்பர் பொண்டாட்டியே தண்ணிக்குப் பயந்தா நாங்க எங்க போறது? மேட்டுக்கு அந்தாண்ட மெத்தடிஸ்டுக்காரங்க கிட்டப் போயி, தலையில நாலு சொட்டு தெளிச்சுக்கிட்டு வரவேண்டியதுதான்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பயமெல்லாம் இல்லக்கா. பசி" என்றாள் ரோடா.

சொன்னது பொய். அதுவும் சபைவீட்டு வாசலில். அந்த நினைப்பும் சேர்ந்து அவளை வீடுவரை அரித்தது.

மத்தியானம் ஆசா கொட்டகையில் கோடரி தீட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பள்ளத்தாக்கில் முதல் மரத்தை வெட்டிய கோடரி அது. ஒன்பது வருஷத்துக்கு முன்பு கென்டக்கியிலிருந்து மாட்டுவண்டியில் வந்து, இந்த இந்தியானாக் காட்டில் முதல் வீடு கட்டியவர் அவர்தான். வாரம் ஆறு நாள் உழவு, ஏழாம் நாள் பிரசங்கம்.

"என்னங்க" என்றாள் ரோடா.

"ம்."

"பனி இன்னும் கெட்டியாகும்போல இருக்கு."

ஆசா தீட்டுவதை நிறுத்தவில்லை. "இருபத்தோரு வருஷமா முழுக்கிட்டு வரேன், ரோடா. ஒருத்தருக்குத் தும்மல்கூட வந்ததில்ல."

"சைலஸுக்கு?"

கோடரி நின்றது. "அவன் ஞானஸ்நானத்துக்கு எறங்கலையே. பொறிக்குத்தான எறங்கினான்."

"தண்ணிக்கு அந்த வித்தியாசம் தெரியுமாங்க?"

ஆசா விரல் நுனியால் கோடரியின் கூர்மையைப் பார்த்தார். ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது. மறுபடியும் தீட்ட ஆரம்பித்தார்.

உள்ளே லவீனியா நாளைக்கு உடுத்தும் உடுப்பின் ஓரத்தில் கூழாங்கற்களை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் பாவாடை மேலே மிதந்துவிடக் கூடாதே.

"குடு, நான் தைக்கிறேன்" என்று ரோடா வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, உன் கை நடுங்குது."

"ஊசி சின்னது. கண்ணு தெரியல."

"எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு" என்றாள் மகள் மெதுவாக. "அப்பாகிட்ட சொல்லிடாதே. பயமா இருந்தாலும் போகணும்னு இருக்கு. அது தப்பா?"

'தப்பில்லை, நான்கூட' என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால் இவளும் உடைந்துபோவாளே என்று ரோடா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அன்று அவள் விழுங்கிய மூன்றாவது பேச்சு அது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஆசா கோடரியோடு ஓடைக்குப் போய்விட்டார். சோளக்கூழ் கொதிக்கும்போதே ரோடா ஒரு காரியம் செய்தாள். அடுப்பங்கரையில் கிடந்த, ரொட்டியளவு வழுவழுப்பான ஆற்றுக்கல் ஒன்றைத் தணலுக்குள் தள்ளினாள். மகள் தலைவாரப் போனதும் அதை இடுக்கியால் எடுத்தாள். சுற்ற ஏதாவது கனத்த துணி வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தாள். கதவோர ஆணியிலிருந்து சைலஸின் கோட்டை எடுத்துக் கல்லைச் சுற்றி, சால்வைக்குள் மறைத்துக்கொண்டாள்.

விசுவாசமில்லாதவள் செய்கிற வேலை என்று தெரிந்துதான் செய்தாள். 'ஆண்டவரே, நீர் பார்க்கிறீர். மற்றவர்கள் பார்க்காமல் இருக்கட்டும்' என்று ஜெபித்துக்கொண்டாள். அப்படி ஒரு ஜெபம் கேட்கப்படுமா என்றும் ஒரு பயம்.

பனியில் கால் புதையப் புதைய நடந்தார்கள். வயிற்றோடு கல்லைச் சேர்த்துப் பிடித்ததில் ரோடாவுக்குப் பிள்ளைத்தாய்ச்சி நடை வந்துவிட்டது. சூடு ஆறிக்கொண்டே வருவது தெரிந்தது. இன்னும் எத்தனை அடி, இன்னும் எவ்வளவு சூடு என்று எண்ணிக்கொண்டே போனாள்.

ஓடைக்கரையில் ஊர் முழுவதும் கூடியிருந்தது. வழக்கமாக முழுக்குக் கொடுப்பது சிக்கமோர் மரத்தடி மடுவில். இருபது அடி தண்ணீருக்குள் நடந்து போகவேண்டும். ஆசா அங்கே பனிக்கட்டியை வெட்டவில்லை. கரையோரமாகவே, நாலு அடி எடுத்துவைத்தால் போதும் என்கிற இடத்தில் வெட்டியிருந்தார். பக்கத்தில் ஆழம் பார்த்த கழி ஒன்று கிடந்தது. கரை நெடுகப் பனிக்கட்டியில் ஏழெட்டு இடத்தில் அதை விட்டுப் பார்த்த துளை. ரோடா கழியைப் பார்த்தாள், அப்புறம் கணவரைப் பார்த்தாள். அவர் இவள் பக்கம் திரும்பவே இல்லை.

சபையின் உதவிக்காரர் ஏனோஸ் டாக்கெட் பாட்டுப் புத்தகத்தை விரித்தார். அவர் இரண்டு வரி சொல்ல, சபை அதை இழுத்துப் பாடும். ஏழு சரணத்தில் ஒன்றைக்கூட அவர் விட்டு யாரும் பார்த்ததில்லை. அவர் பாட்டு முடிவதற்குள் குழந்தைகள் தூங்கி எழுந்துவிடும். லவீனியா தண்ணீரில் கால் வைத்தாள். மூச்சு உள்ளே இழுபட்ட சத்தம் கரைவரை கேட்டது. ரோடா ஏனோஸையே பார்த்தாள். ஏழு சரணமும் பாடப்போகிறாரா?

முதல் இரண்டு வரி முடிந்தது. ஏனோஸ் படக்கென்று புத்தகத்தை மூடினார்.

"தொண்டை கட்டிக்கிச்சு" என்றார், கணீரென்ற குரலில்.

ஆசா தண்ணீருக்குள் நின்று ஞானஸ்நான வார்த்தைகளைச் சொன்னார். மகளைப் பின்புறமாகச் சாய்த்தார். கறுப்புத் தண்ணீர் அவள் முகத்துக்கு மேல் மூடியது.

ரோடா மூச்சு விடவில்லை.

லவீனியா எழுந்தாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. முழுக்கு எடுத்தவர் தானாக நடந்து கரையேறுவதுதான் வழக்கம். ஆசா அவளை நடக்க விடவில்லை. சின்னக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்து கரையில் நிறுத்தினார்.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. கம்பளி கருகும் நாற்றம்.

"யாரோட சால்வையோ எரியுது!" என்றார் ஏனோஸ்.

ரோடாவின் உயிர் போய் வந்தது. மாட்டிக்கொண்டோம். ஆண்டவர் ஊரறியக் காட்டிக் கொடுத்துவிட்டார். கையைச் சால்வைக்குள் விட்டுத் தடவினாள். கோட்டு கதகதப்பாக இருந்தது, அவ்வளவுதான். எரியவில்லை.

புகை டார்கஸ் ஹாப்ஸின் மார்பிலிருந்து ஒரு நூல்போலக் கிளம்பிக்கொண்டிருந்தது.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"என்ன பார்க்கிறீங்க? பொம்பள பொகையறத பார்த்ததே இல்லையா?" என்று டார்கஸ் சீறினாள். "அங்க புள்ள வெறைச்சுப் போயி நிக்குது. தள்ளுங்க!" மாவுச்சாக்கில் சுற்றிய ஒரு கல்லைச் சால்வைக்குள்ளிருந்து இழுத்து எடுத்து, லவீனியாவின் காலடியில் வைத்தாள். அவளுடைய ஒரே நல்ல சால்வையில், கையளவுக்கு ஓட்டை.

பிறகு ஏனோஸின் மனைவி தலையைக் குனிந்துகொண்டே வந்து, தன் முன்துணிக்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்தாள். அடுத்து இன்னொருத்தி. அதற்கடுத்து இன்னொருத்தி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஏனோஸ் இரண்டு சட்டைப்பையிலிருந்தும் சுட்ட உருளைக்கிழங்குகளை எடுத்துப் பெண்ணின் இரண்டு கையிலும் கொடுத்தார்.

"எங்க வீட்டுல கல்லு எல்லாத்தையும் பொம்பளைங்க எடுத்துட்டாங்க" என்றார்.

கடைசியாக ரோடா தன் கல்லை எடுத்தாள். அதைச் சுற்றியிருந்த சைலஸின் கோட்டை அவிழ்த்து மகளின் தோளில் போட்டாள். ஆசா அந்தக் கோட்டைப் பார்த்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே நின்றார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் தண்ணீர் குளிர்ந்த தண்ணீர். திங்கட்கிழமை லவீனியாவுக்கு இருமல் வந்தது. செவ்வாய்க்கிழமை உடம்பு கொதித்தது. புதன்கிழமை மூச்சோடு அந்தக் கீச்சொலி வந்தது. ரோடாவுக்குத் தெரிந்த ஒலி. சைலஸ் ஐந்து நாள். அவள் வாயில் ஜெபத்தைவிட எண்ணிக்கைதான் அதிகம் வந்தது. இன்று மூன்று. நாளை நான்கு.

பெண்கள் முறைபோட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி கல்லைச் சுடவைப்பாள், ஒருத்தி நெஞ்சுக்கு வெங்காயம் வதக்கிக் கட்டுவாள், ஒருத்தி மாட்டைக் கறந்துவிட்டுப் போவாள். 'ஞானஸ்நானத் தண்ணீரால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை' என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. டார்கஸ் மட்டும் நாளெல்லாம் பேசிக்கொண்டே இருந்தாள்.

"உன் அடுப்பு என்ன அடுப்புடி ரோடா, பொகையா கக்குது. உன் வீட்டுக்காரர் பிரசங்கம் மாதிரி."

ரோடா அழுதுகொண்டே சிரித்தாள். "அக்கா, சனிக்கிழமை நான் கைய தூக்கியிருக்கக் கூடாது. நானே என் புள்ளைய அனுப்பிட்டேன்."

"நானுந்தான் தூக்கினேன். தூக்கிட்டு நேரா வீட்டுக்குப் போயி கல்லு தேடினேன்." டார்கஸ் அடுப்பைக் கிளறினாள். "உன்னை அந்தப் பேச்சு பேசினேன் பாரு, அது உன்னை இல்ல. எனக்கு நானே சொல்லிக்கிட்டது."

வெள்ளிக்கிழமை, ஐந்தாம் நாள். காலையிலிருந்து ரோடா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆசா வாசலில் விறகு பிளந்துகொண்டே இருந்தார். ஒரு மாதத்துக்குப் போதுமான விறகு சேர்ந்தும் நிறுத்தவில்லை. வெயில் ஜன்னலுக்கு நேராக வந்தபோது லவீனியாவுக்குக் குப்பென்று வியர்த்தது. தலையணை நனைந்தது. மூச்சு இறங்கியது. ரோடா பயந்துபோய் நெற்றியைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. உயிருள்ள குளிர்ச்சி.

லவீனியா கண்ணைத் திறந்தாள். "ஏனோஸ் மாமா குடுத்த உருளைக்கிழங்கு எங்கம்மா?"

வெளியே கோடரிச் சத்தம் நின்றது. ஜன்னல் வழியாக அவருக்கும் கேட்டிருக்கவேண்டும்.

அடுத்த மாதச் சபைக்கூட்டத்தில், ஒப்புக்கொள்ளவேண்டியது யாருக்காவது உண்டா என்று ஆசா கேட்டார். ரோடா எழுந்து நின்றாள்.

"நான் விசுவாசமில்லாம ஓடைக்குக் கல்லு கொண்டுபோனேன். பயத்தை மறைச்சுப் பசின்னு பொய்யும் சொன்னேன். சபை என்னை மன்னிக்கணும்."

"அப்ப என் பேரையும் சேர்த்துக்குங்க" என்று உட்கார்ந்தபடியே டார்கஸ் சொன்னாள். "என் பாவத்துக்கு ஓட்டையே சாட்சி." பெண்கள் வரிசையில் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஏனோஸ் மட்டும், உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் வருமா என்று கேட்டார்.

ஆசா சபைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான் எடம் மாத்தி வெட்டினேன்" என்றார் கடைசியில். "ஆழம் கம்மியா இருக்கற எடமாத் தேடித் தேடி வெட்டினேன். ஏழெட்டுத் தடவை பார்த்தேன். பயந்தவங்க வரிசையில என்னையும் வெச்சுக்குங்க. இனிமே நெஞ்சு பலவீனமானவங்க வைகாசி வரைக்கும் இருக்கலாம்னு சபைகிட்ட கேட்டுக்கறேன். ஆண்டவர் அவசரக்காரர் இல்ல."

எல்லாக் கைகளும் உயர்ந்தன.

சபைக் குறிப்பேட்டை எழுதுவது ஏனோஸ். பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, "என்னன்னு எழுதட்டும்?" என்றார்.

"வழக்கமா எழுதறதையே எழுதுங்க" என்றார் ஆசா. ஏனோஸ் எழுதினார்: சபை கூடிற்று. சமாதானமாயிருக்கக் கண்டோம்.

"அன்னிக்குக் குளிரா இருந்துச்சுன்னும் எழுதுங்க. அது பொய்யில்ல" என்றாள் டார்கஸ்.

அன்று சாயங்காலம் ரோடா, வலுக்கட்டாயமாக வாங்கி வந்த டார்கஸின் சால்வையை மடியில் விரித்தாள். சைலஸின் கோட்டை எடுத்து, கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் சும்மா இருந்தாள். பிறகு முதுகுப்புறத்தில் கையளவுக்கு ஒரு துண்டு வெட்டி ஓட்டைமேல் வைத்துத் தைத்தாள்.

மறுநாள் வந்து சால்வையை வாங்கிப் பார்த்த டார்கஸ் மூக்கைச் சுளித்தாள்.

"நெறம் சேரலியே."

"சேராதுதான் அக்கா."

டார்கஸ் அந்தச் சாம்பல்நிறத் துண்டை விரலால் தடவினாள். எந்தத் துணி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒட்டு வெளியே தெரியும்படி சால்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.