பெற்றோரின் பங்கு

கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இந்தத் தொழிலில் கடினம் என்று, தன்னிடம் வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். பதில் சொல்பவர் தயங்கினால் சொல் எடுத்துக்கொடுக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, ‘அப்படியா’ என்றுகூடக் கேட்கக் கூடாது. மௌனம் தாளாமல் மனிதர்கள் தாமாகவே கொட்டிவிடுவார்கள். சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்த மகளிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. பதிவுக் கருவியின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. மகள் அதையே பார்த்தபடி, வேறு யாரோ சொல்லப்போகும் பதிலுக்குக் காத்திருப்பவளைப்போல் இருந்தாள்.

“கேள்வியைத் திரும்பப் படிக்கட்டுமா?”

“வேண்டாம். உனக்கு வாசிக்கிற பழக்கம் யாரால வந்துச்சு, எப்படி வந்துச்சு. அதானே?”

“‘உங்களுக்கு’ன்னு இருக்கு, கேள்வியில.”

“சரி, உங்களுக்கு. மரியாதை எல்லாம் பேப்பர்ல பலமாத்தான் இருக்கு.”

கூடத்திலிருந்து கணவர் செருமும் சத்தம் வந்தது. செய்தித்தாளைப் பிரித்து வைத்திருந்தார். படிக்கவில்லை என்பது தாள் அசையாததிலிருந்து தெரிந்தது.

மக்கள் எதை வாசிக்கிறார்கள், எதனால் வாசிக்கிறார்கள் என்று ஆராய்வது அவளுடைய தொழில். பள்ளியில் எழுத்துக்கூட்டத் தொடங்கிய குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, வீடு வீடாகப் போய்ப் பார்த்து, அவர்கள் பதின்வயதை எட்டியபோது மறுபடியும் பார்த்து, இப்போது அவர்களே பிள்ளை பெற்றுவிட்ட நிலையில் கடைசி முறையாகப் பார்க்கும் நீண்ட ஆய்வு அது. அதன் முதல் கட்டத்திலேயே அவளுக்குப் பெயர் வாங்கித் தந்த முடிவு கிடைத்துவிட்டது. குழந்தையின் கண்ணெதிரே தாயும் தந்தையும் நாள்தோறும் ஒரு மணி நேரம் புத்தகத்துடன் அமர்ந்தால், அந்தக் குழந்தை வாசிக்கும். அவ்வளவுதான். எளிய முடிவு என்பதால் பள்ளிகள் அதைப் பிடித்துக்கொண்டன. ‘வாசிப்பு மணி’ என்று பெயரிட்டுச் சுவரொட்டி அச்சிட்டன; சிலவற்றில் அவளுடைய படமும் இருந்தது. அவளை மேடைகளுக்கு அழைத்தார்கள். மேடைதோறும் அவள் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்வாள்: பெயர் சொல்லமுடியாத ஒரு வீடு, தவறாமல் அந்த மணியைக் கடைப்பிடித்த வீடு, ஆய்விலேயே மிக அதிகமாக வாசிக்கும் பெண்ணை உருவாக்கிய வீடு.

அந்த வீடு இதுதான். தொடக்கத்தில் சில குடும்பங்கள் ஊர் மாறிப் போனதால் எண்ணிக்கை குறைந்தது. இடத்தை நிரப்பத் தன் வீட்டையும் ஒரு குறியீட்டு எண்ணாகச் சேர்த்துக்கொண்டாள். முறையன்று என்று தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. கடைசிக் கட்டத்தில் உதவியாளர் தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம் மகள், “பெரிய மேடம் கேட்டா மட்டும்தான் பதில் சொல்வேன்” என்று வைத்துவிட்டாளாம். உதவியாளர் அதைப் பெருமையாகவே வந்து சொன்னாள்.

இப்போது கேட்கவேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. மகள் ஒரு பெட்டியுடன் தாய்வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. குழந்தையைக் கொண்டுவரவில்லை. பொடிசு என்று எல்லோரும் கூப்பிடும் நான்கு வயதுப் பேத்தி, தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலின் ஒயரைப் பிடித்து இழுத்துக் வெந்நீரில் கையைச் சுட்டுக்கொண்டுவிட்டாள். அடுத்த அறையில்தான் மகள் இருந்தாள். மாப்பிள்ளை குழந்தையை மருத்துவமனையிலிருந்து நேரே தன் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

“எனக்கு வாசிக்கிற பழக்கம்,” என்று மகள் கடைசியில் தொடங்கினாள், “உங்க ரெண்டு பேராலதான் வந்துச்சு.”

அவள் பேசாமலிருந்தாள். இந்த முறை அது வித்தைக்காக அன்று.

“நீயும் அப்பாவும் ஒரு மணி நேரம் உக்காருவீங்க. அது முடிஞ்சதும் ஆரம்பிப்பீங்க. துண்டு காயலைன்னா அதுக்கு ஒரு சண்டை. காயப்போட்ட துண்டை யாரோ எடுத்துட்டாங்கன்னா அதுக்கு ஒண்ணு. நடுவுல என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவீங்க. ‘நீயே சொல்லு பாப்பா, நான் சொன்னது தப்பா?’ன்னு அப்பா கேப்பார். ‘குழந்தையை எதுக்கு இழுக்கறீங்க?’ன்னு நீ கேப்ப. அப்புறம் நீயே இழுப்ப. என்ன சொன்னாலும் ஒருத்தர் என்கூடப் பேச மாட்டீங்க. கையில புக் இருந்தா மட்டும் கூப்பிட மாட்டீங்க. படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நீதானே சட்டம் போட்டிருந்த.”

“பாப்பா...”

“பதில் சொல்றவங்களைக் குறுக்க வெட்டலாமா?” மகள் சிரித்தாள். “மொதல்ல சும்மாதான் பிடிச்சிட்டிருந்தேன். கண்ணை எழுத்து மேல வெச்சிட்டு, காதை உங்ககிட்ட வெச்சிட்டிருப்பேன். அப்புறம் ஒரு நாள் சத்தம் கேக்கலை. நடிப்பு இல்லம்மா, நிஜமாவே கேக்கலை. தட்டு உடைஞ்சதையே காலையில குப்பைக்கூடையைப் பார்த்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? அன்னையிலருந்து புக்கைக் கீழ வைக்கலை.”

கூடத்தில் செய்தித்தாள் மடிக்கப்பட்டது.

“அன்னைக்கும் அப்படித்தான் ஆச்சு. அவருக்கும் எனக்கும் காலையில வாக்குவாதம். பெருசா ஒண்ணும் இல்ல. அவர் வேலைக்குப் போனதும் புக்கை எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டி, உள்ள வந்து, என் தோளைப் பிடிச்சு உலுக்கினப்பதான் பொடிசு கத்திட்டிருக்கிறது எனக்குத் தெரியும். அதுவரைக்கும் அந்தச் சத்தம் இந்த உலகத்துலயே இல்லம்மா.”

பதிவை நிறுத்தலாமா என்று அவள் கை நகர்ந்தது. மகள் கருவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை அவர் குழந்தையைக் கூட்டிட்டு வர்றார். நீ அவர்கிட்ட இதைச் சொல்லணும். இது திமிர் இல்ல, குழந்தை மேல பாசம் இல்லாததும் இல்ல, இங்க இந்த வீட்டுல கத்துக்கிட்டதுன்னு சொல்லணும். கத்துக்கிட்டதுன்னா மாத்திக்கலாம். யார்கிட்ட வேணாலும் வைத்தியத்துக்கு வர்றேன். நான் சொன்னா சாக்கு சொல்றேன்னு நினைக்கிறார். நீ சொன்னா நம்புவார். உன் பேச்சை ஊரே நம்புதே.”

“இதெல்லாம் பதிவாயிட்டிருக்கு.”

“ஆகட்டும். ஒரு தடவையாவது உள்ளது பதிவாகட்டும்.”

அன்று மாலை அவள் அந்தப் பதிலைக் கணினியில் ஏற்றினாள். வாசிப்புக்குக் காரணம் என்ற தலைப்பின் கீழே ஐந்து பிரிவுகள் இருந்தன: பெற்றோரின் பங்கு, ஆசிரியர், நண்பர், நூலகம், பிற. எந்தப் பதில் எந்தப் பிரிவில் சேரும் என்ற விதிகளை எழுதியவள் அவளே. அவற்றின்படி ஐயத்துக்கு இடமில்லை. பதிலை எத்தனை முறை அலசிப் பார்த்தாலும் செய்தவர்கள் பெற்றோர், விளைந்தது வாசிப்பு. ‘பிற’ என்ற பிரிவின்மேல் அம்புக்குறியைச் சற்றுநேரம் நிறுத்திவைத்திருந்தாள். பிறகு முதல் பிரிவையே தேர்ந்தெடுத்தாள். பெற்றோரின் பங்கைக் காட்டும் விழுக்காடு, கண்ணுக்குத் தெரியாத அளவில், உயர்ந்தது.

அடுத்த வாரம் ஆய்வை முடித்துவைத்து அவள் ஆற்றவேண்டிய நிறைவுரை. அழைப்பிதழ்கள் போய்விட்டன.

கணவர் இரண்டு கோப்பைத் தேநீருடன் அறைக்குள் வந்தார். விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு நட்டம் கணக்கிட்டுக் கொடுத்த மனிதர். ஓய்வுபெற்றபின் கணக்கிட வீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

“நான் கத்தினதை மட்டும்தானே சொன்னா?”

“ரெண்டு பேரையும்தான் சொன்னா. கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?”

“அப்ப பாதிப் பாதி. ரெண்டு வண்டியும் தப்பா வந்து மோதினா நாங்க அப்படித்தான் எழுதுவோம்.” கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். “உன் வாசிப்பு மணிக்கு, அந்த ஊமை மணிக்கு, நான் ஒழுங்கா உக்காந்தேனா இல்லையா? புக்குக்குள்ள பேப்பரை வெச்சுத்தான் படிச்சேன், ஒத்துக்கறேன். ஆனா உக்காந்தேன்.”

“உக்காந்தீங்க.”

“மாப்பிள்ளைகிட்ட சொல்லப் போறியா?”

அவள் கணினியை மூடினாள்.

“யோசிச்சுச் சொல்லு. அவர் தங்கச்சி வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துலதான் உன் படத்தைச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்காங்க. இங்க ஒரு வார்த்தை விட்டா, மறுநாள் காலையில அங்க மணி அடிக்கறதுக்குள்ள போயிரும்.” கதவருகே நின்று திரும்பினார். “எனக்கு என்ன போச்சு? என் படத்தை எவன் ஒட்டினான்?”

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சொன்ன நேரத்துக்கு வந்தார். லிஃப்ட் பழுதுபார்ப்பவர், விரல் நகங்களின் ஓரத்தில் எந்தச் சோப்பாலும் போகாத மசகுக் கறை இருந்தது. குழந்தையின் வலது கை மணிக்கட்டுக்கு மேல்வரை வெள்ளைத் துணியால் சுற்றப்பட்டு, உடம்புக்குப் பொருந்தாத பருமனுடன் இருந்தது. மகள் எழுந்து ஓடினாள். குழந்தையை அள்ளவில்லை, எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரியாமல் முழங்காலிட்டு, அதன் காதோரத்தை மட்டும் முகர்ந்தாள். பொடிசு கட்டுப்போட்ட கையை உயர்த்தி, “இதுக்குள்ள கை இருக்கு” என்று எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தது.

“உக்காருங்க மாப்பிள்ளை.”

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கோபித்துக்கொள்ள வந்தவரைப்போல் தெரியவில்லை. தூங்காதவரைப்போல் தெரிந்தார்.

“அத்தை, நான் சண்டை போட வரலை. இவளைக் குத்தம் சொல்லவும் வரலை. ஒரே ஒரு விளக்கம் வேணும். எங்க வேலையே காதுலதான். மேல ரூம்ல மோட்டார் ஓடுறப்ப ஒரு போல்ட் தளர்ந்திருந்தா கீழ நிக்கறப்பவே எனக்குக் கேட்டுரும். பெத்த குழந்தை அலறுறது பக்கத்து ரூம்ல இருக்கிறவளுக்கு எப்படிக் கேக்காம போகும்? இவ என்னமோ சொல்றா. சின்ன வயசு, சண்டை, சத்தம்னு. எனக்குப் புரியலை. நீங்க இதையே படிச்சவங்க. நீங்க சொல்லுங்க, நான் ஏத்துக்கறேன்.”

மகள் தரையில் உட்கார்ந்தபடியே அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்கூட இல்லை. தேர்வு முடிவு ஒட்டப்படும் பலகையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

சொல்லவேண்டிய வாக்கியம் அவளிடம் முழுமையாக இருந்தது. வாரம் முழுவதும் அதைச் செதுக்கி, தேவையற்ற அடைமொழிகளை நீக்கி, ஐந்து சொற்களில் முடித்து வைத்திருந்தாள். அதைச் சொல்லத் திறந்த வாயிலிருந்து வேறொன்று வந்தது.

“சில பேர் அப்படி இருக்காங்க மாப்பிள்ளை. ஆழ்ந்த கவனம்னு சொல்லுவோம். படிக்க ஆரம்பிச்சா வெளிய நடக்கிறது எதுவும் உள்ள போகாது. அது பிறவியிலேயே வர்றது. இவ சின்னதுலயே அப்படித்தான். நாங்க... அதுல எங்க பங்குன்னு பெருசா ஒண்ணும் இல்ல.”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பிறவியிலேயேவா?” மாப்பிள்ளை அந்தச் சொல்லை ஒரு உதிரிப் பாகத்தைப்போல் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “அப்படின்னா மாறாது?”

“மாறாதுன்னு இல்ல...”

“நீங்கதான் சொல்றீங்க அத்தை. பிறவியிலேயே வர்றதை எப்படி மாத்துவாங்க? பழக்கம்னு நினைச்சுட்டிருந்தேன். பழக்கம்னா சரி பண்ணிரலாம், நானும் கூட இருந்து பார்த்துக்கறேன்னு சொல்லத்தான் வந்தேன்.” கைகளைத் துடைத்துக்கொண்டார். “இது இப்படின்னா, குழந்தையை இவகிட்டத் தனியா விட எனக்குத் தைரியம் இல்ல. கொஞ்ச நாள் தங்கச்சி வீட்டுலயே இருக்கட்டும். அப்புறம் என்ன பண்றதுன்னு பார்ப்போம்.”

“கொஞ்ச நாள்னா எத்தனை நாள்?” கணவர் எழுந்தார். “பெத்தவகிட்டருந்து பிள்ளையைப் பிரிக்கிறதுக்கு உனக்கு யாருய்யா உரிமை கொடுத்தது?”

“மாமா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.”

“எதுக்கு மெதுவா? எல்லாம் உங்க அத்தையால. மாப்பிள்ளை, இவ சொன்னது பொய்.”

“நீங்க சும்மா இருங்க,” என்றாள் அவள்.

“இத்தனை வருஷம் சும்மா இருந்ததுதான் தப்பு.”

“நீங்களா? சும்மா இருந்தீங்களா?”

அவள் குரல் தனக்கே தெரியாமல் ஏறியிருந்தது. கணவர் குரல் அதன்மேல் ஏறியது. இருவரையும் அடக்க மாப்பிள்ளை போட்ட சத்தம் இரண்டையும் மிஞ்சியது. யார் எதற்கு விடை சொல்கிறார்கள் என்பது குழம்பிப்போன ஒரு கட்டத்தில் மாப்பிள்ளை கையைத் தட்டினார்.

“விடுங்க. யாரும் சொல்ல வேண்டாம். குழந்தையையே கேப்போம். பொடிசு, இங்க பாரும்மா. நீ யார்கிட்ட இருக்கப்போற? நீயே சொல்லு.”

அறை அடங்கியது. குழந்தை மூவர் முகத்தையும் வரிசையாகப் பார்த்தது. பிறகு திரும்பி, அம்மாவைத் தேடி நடந்தது.

மகள் அலமாரி ஓரத்தில் சாய்ந்திருந்தாள். மடியில் ஏதோ ஒரு புத்தகம் விரிந்திருந்தது. எப்போது எடுத்தாள், எதை எடுத்தாள் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. வண்டிகளின் உதிரிப் பாகங்களுக்கு விலை குறித்த, அவள் அப்பாவின் பழைய கையேடு அது.

“அம்மா,” என்றது குழந்தை. “அம்மா, உன்கிட்ட.”

மகள் நிமிரவில்லை. குழந்தை இன்னும் நெருங்கி, கட்டுப்போட்ட கையைத் தூக்கி, விரிந்திருந்த பக்கத்தின் நடுவில் வைத்தது. வெள்ளைத் துணி பாதி வரிகளை மறைத்தது. மகளுடைய கண்கள் அந்தக் கட்டின் இடப்பக்க விளிம்புவரை வந்து நின்றன. அதைத் தாண்டி, வலப்பக்கத்தில் எஞ்சியிருந்த சொற்களைப் படித்தன. பிறகு கீழே இறங்கி, அடுத்த வரியைத் தொடங்கின.