விழுங்கப்பட்ட புனிதர்

ஆக்ஸ்பர்க் நகரில் செப்புத் தகட்டில் படம் வெட்டும் மெல்கியோருக்கு வயிற்றைப் புரட்டாத நாளே கிடையாது. காரணம் சாப்பாடு அல்ல. அவர் படங்களைச் சாப்பிடுகிறவர்கள்.

விரல் நீளத் தகட்டில் தொடையில் கொள்ளைநோய்ப் புண்ணோடு நிற்கும் புனித ரோக்கையும் அவருடைய நாயையும், அச்சில் நேராக விழும்படி இடவலம் மாற்றி வெட்டுவார். நாயின் மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். காகிதத்தில் அச்சடித்து மை காய்வதற்குள் கோயில்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். யாத்திரை வந்த ஜனம் அதைப் பியரில் நனைத்து விழுங்கும். கொள்ளைநோய்க்கும் கேட்குமாம், வயிற்றுப்போக்குக்கும் கேட்குமாம். சாவதற்குள் தன் படம் ஒன்றாவது யார் வீட்டுச் சுவரிலாவது தொங்க வேண்டும் என்பது மெல்கியோரின் ஆசை. இதுவரை தொங்கியதெல்லாம் தின்றவர்களின் தாடியில்தான்.

ஒரு நாள் சந்தையில் பண்ணைக்காரி வால்புர்கா, அவர் கண்ணெதிரிலேயே ரோக்கைப் பன்றிக்கொழுப்பில் உருட்டி, கழிச்சல் கண்ட கன்றின் தொண்டைக்குள் முழங்கை வரை விட்டுத் திணித்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அதே கையால் பாலாடைக்கட்டியைப் பிய்த்து நீட்டினாள்.

"எடுத்துக்கோங்க, செப்புக்காரரே. மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"அடியே, அது படம்! பாக்கறதுக்கு!"

"பாத்தா பேதி நிக்குமா?"

மெல்கியோர் வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தார். பிறகு உட்கார்ந்து, யாராலும் வாயில் வைக்கவே முடியாத ரோக் ஒன்றை வெட்டினார். தொடைப் புண்ணில் சீழ், சீழில் ஈ, ஈயின் காலிலும் சீழ். மை தடவிய தகட்டைத் துடைக்கும்போது அவருக்கே உள்ளங்கை அரித்தது.

"இனிமே சுவத்துலதான் மாட்டுவானுங்க," என்றார் மனைவி அப்போலோனியாவிடம்.

"மாட்டினா சுவரும் வாந்தி எடுக்கும்," என்றாள் அவள்.

ஜனம் பார்த்தது, குமட்டியது, குமட்டுகிற மருந்துதான் வேலை செய்யும் என்று முடிவுகட்டியது. கோயில் வாசலில் அடிதடி.

"ஈ இருக்கற பக்கம் எனக்கு!"

"போன தடவையும் நீதானேடா ஈயைத் தின்ன?"

வால்புர்காவின் கன்றுக்கு மறுபடி கழிச்சல். அதற்கும் புது ரோக்கைக் கொடுத்தாள். மறுநாள் ஓடி வந்தாள்.

"செப்புக்காரரே, உங்க ரோக் முழுசா வெளிய வந்துட்டாரு!"

மாட்டு வயிறுகூட அதைச் செரிக்க மறுத்துவிட்டது. கழுவினால் அற்புதம் போய்விடுமென்று, வந்த கோலத்திலேயே நடுவீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டி, மெழுகுவர்த்தியும் ஏற்றியிருந்தாள். ஊரே வரிசையில் நின்று முத்தமிட்டது. மெல்கியோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"ஓய், புனிதர் முன்னாடி மூக்கைப் பொத்தறதா? கையை எடும்!" என்று பின்னாலிருந்து அதட்டினான் ஒரு தோல் பதனிடுகிறவன்.

கையை எடுத்தார். குனிந்தார். நாயின் மயிரில் ஒன்றுகூடக் கலையவில்லை. அவருக்குக் கண் கலங்கியது. முத்தமிட்டார்.

வயிறு வாசல் வரைகூடத் தாங்கவில்லை.