தாட்சாயிணியின் முதல் வகுப்பு

விஜயதசமியன்று காலை பத்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது தாட்சாயிணி தன் கணினியைத் திறந்தாள். அது வாயைத் திறக்கவில்லை. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் வருவதை எல்லாம் ஸ்கிரீன் ரீடர் என்கிற குரல் வாசித்துச் சொல்லும். அதைக் கேட்டுத்தான் அவள் வேலை பார்ப்பாள். குரல் இல்லையென்றால் மடியில் இருப்பது வெறும் பலகை.

பத்து மணிக்கு முதல் வகுப்பு. பார்வையில்லாத ஆறு பெண்கள் அவரவர் வீட்டிலிருந்து போனில் கூடி, இவள் கணினி பேசுவதைக் கேட்டுத் தங்கள் கணினியில் பழக வேண்டும். ஐந்து பேரைப் பற்றிக் கவலை இல்லை. ஆறாவது பெண், பூந்தமல்லி ஜமீலா. செருப்புக்கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் முந்தாநாளே பேசிவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். மொத கிளாஸ் நானும் கூட ஒக்காந்து கேக்கறேன். சரிப்படலன்னா வுட்டுடலாம். ஆசைய காட்டி அப்பால அவ அழக் கூடாது."

தங்கை ஏமாறக் கூடாதே என்று பயப்படுகிற மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நல்லவரை என்ன செய்வது?

அடியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது, விசிறி ஓடியது. குரலை எழுப்பும் விசைகளை அழுத்தினாள், ஒலியைக் கூட்டும் விசையைப் பத்துத் தரம் தட்டினாள். மூச்சுப் பேச்சில்லை. அணைத்துப் போட்டு, நூறு எண்ணி, கடவுச்சொல்லை ஒரு குருட்டு தைரியத்தில் அடித்தாள். அப்போதும் அப்படியே. அதற்குள் மணி பத்தாகி, போனில் ஒவ்வொருவராக வணக்கம் சொன்னார்கள்.

நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பொய் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள்.

"என் கம்ப்யூட்டர் இன்னிக்குப் பேச மாட்டேங்குது. என்னன்னு பாக்கறேன். லைன்லயே இருங்க."

அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் செருமியது.

கள்ளிக்குப்பத்து அந்தச் சின்ன வீட்டில் சத்தம் சட்டென்று அடங்கினால் வரதனுக்குத் தெரிந்துவிடும். அவள் புருஷன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். வந்து எட்டிப் பார்த்தான்.

"லைட்டு எரியுது, படம் கீது. நல்லாத்தான கீது?"

"வலது பக்கம் கீழ் மூலையில ஸ்பீக்கர் படம் தெரியுதா?"

"ஸ்பீக்கரு இல்லியே. காதுல மாட்டிக்கிற செட்டு மாரி ஒண்ணு கீது."

தாட்சாயிணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எல்லாரும் கேளுங்க. இது ஊமையாகல. ஹெட்போன் மாட்டியிருக்குன்னு நெனைச்சிக்கிட்டு அதுக்குள்ள பேசிட்டிருக்கு. ஆனா நான் எதையும் மாட்டல. இடது பக்க விளிம்புல வட்டமா ஒரு ஓட்டை இருக்கும், அதைத் தடவிப் பாக்கறேன்."

தடவினாள். ஓட்டை இருந்த இடத்தில் ஓட்டை இல்லை, மேடு இருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள். சந்தனம்.

"ஏங்க, நேத்து பூஜையில இதுக்கு எத்தனை பொட்டு வெச்சீங்க?"

"மேல ரெண்டு." குனிந்து விளிம்பைப் பார்த்துவிட்டு, "சைடுல ஒண்ணு. வட்டமா இருந்துச்சி, பொட்டுக்குன்னே வுட்ட மாரி. அதான் நல்லா அமுக்கி வெச்சேன்."

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வரதன் தன் ஸ்பேனர்களையும் அளவு கருவிகளையும் துடைத்து வரிசையாக வைப்பான். இந்த வருஷம்தான் அவள் கணினியைக் கேட்டு வாங்கி அவற்றுக்கு நடுவில் வைத்தான். "உன் தொழிலுக்கு இதான மிஷினு," என்றான். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவள் செய்வதை யாரும் தொழில் என்று சொன்னதில்லை. நேற்று அதற்காகவே அவன்மேல் உருகிப் போயிருந்தாள். இன்றைக்கு அதே ஆளைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது. உருக்கமும் போகவில்லை, அதுதான் தொல்லை.

கணினியை அணைத்துவிட்டு, துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சி கேட்டாள். அவன் உருவிக்கொண்டு வந்தான்.

"நான் எடுக்கறேன் குடு."

"வேணாம் சாமி. நீங்க எடுத்தா அடுத்ததா குங்குமம் வெப்பீங்க."

போனில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆறு வீடுகள் கேட்டுக்கொண்டிருப்பது அப்போதுதான் வரதனுக்கு உறைத்தது. குரலைத் தாழ்த்தி, "தெரியாம வெச்சிட்டன் தாட்சா," என்றான். அவள் அவன் கையைத் தேடிப் பிடித்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு வேலையைப் பார்த்தாள்.

காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக வந்தது. ஊதினாள், மறுபடி குச்சியை விட்டுச் சுழற்றினாள், ஊதினாள். திரும்பக் கணினியைப் போட்டு எண்ணத் தொடங்கினாள். அறுபதைத் தாண்டும்போது குரல் வந்தது; எதுவுமே நடக்காத மாதிரி, தேதியையும் மணியையும் மளமளவென்று ஒப்பித்தது. தாட்சாயிணிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"டீச்சர்," என்றார் ஜமீலாவின் அண்ணன். "எங்க ஊட்ல பொட்டு வெக்கிற பழக்கம் கெடையாது. இந்த ரிப்பேரு வராது."

எல்லோரும் சிரித்தார்கள். சரிப்படுமா, விட்டுவிடலாமா என்று மட்டும் அவர் சொல்லவில்லை. சிரிப்பு ஓய்ந்ததும், வணக்கம் சொன்னதற்கு அப்புறம் வாயே திறக்காத ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"அக்கா, நீங்க இடது பக்கம்னு சொன்னீங்க. என்னுதுல அந்த ஓட்டை வலது பக்கம் கீது. நீங்க தேடறப்பவே நானும் சுத்தித் தடவிப் பாத்துட்டேன். கூட மூணு சந்து கீது, ஒண்ணு நீளமா, ரெண்டு குட்டையா. அதெல்லாம் எதுக்குக்கா?"

நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது.

"நீ கேட்டுக்கினு இரு ஜமீலா," என்றார் அண்ணன். "நான் போய் கடையத் தொறக்கறேன்."