இறந்தவை மட்டும்

உயிரினங்களின் படங்களை ஏற்றும் ஒரு தளத்தைப் போனில் திறந்து, தேடும் கட்டத்தில் ‘ஆமை’ என்று ஜெபா அடித்ததும் ஊர் உலகத்து ஆமைகளெல்லாம் வந்து விழுந்தன. இதில் அப்பா எடுத்தது எது?

“மாமா பேரப் போட்டுப் பாரேன்,” என்றான் அவள் கணவன் இனியன், பைக்கில் ஏறி உட்கார்ந்தபடி.

“இன்னா பேர்ல வச்சினுகீறார்னு தெர்லயே.”

அப்பா கிருபாகரன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். விடிகாலையில் கடலோரம் நடந்து, கரையில் ஒதுங்கிக் கிடப்பதைப் படமெடுத்து அந்தத் தளத்தில் ஏற்றுவார். எட்டு மணிக்கு நாஸ்தாவுக்கு வந்துவிடுவார். இப்போது பத்தரை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மாமல்லபுரத்திலிருந்து வடக்கே போனாரா தெற்கே போனாரா, யாருக்கும் தெரியாது.

நேற்று இடது கை குடைகிறது என்றார். ஜெபா தைலம் தேய்த்து, படுக்கச் சொன்னாள்.

பெயர் தெரியாமலும் தேட வழி இருந்தது. இடம், மாமல்லபுரம். தேதி, இன்று. பதினேழு படங்கள் வந்தன. ஓணான், காக்கை, யாரோ ஓட்டல் தோட்டத்தில் எடுத்த பட்டாம்பூச்சி. அதற்கும் கீழே இரண்டு கட்டங்கள்: உயிருள்ளவை, இறந்தவை. அப்பா எடுப்பதெல்லாம் செத்து ஒதுங்கிய ஆமைகள். ஜெபாவின் விரல் அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது.

“அமுக்கு ஜெபா.”

அமுக்கினாள். மூன்று ஆமைகள். 6.50. 7.05. இரண்டிலும் மணலில் அப்பாவுடைய தொப்பியின் நிழல் விழுந்திருந்தது. 7.20-இல் எடுத்தது கோணலாக இருந்தது. ஓட்டில் பாதி, மீதி வானம். அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

வரைபடத்தில் புள்ளி பட்டிபுலத்துக்கு அருகே நின்றது.

“எங்கனா நெழலா குந்திகினு இருப்பாரு,” என்றான் இனியன், வண்டியை முறுக்கியபடி.

ஜெபா பின்னால் ஏறிக்கொண்டாள்.

மணலில் பைக் இறங்கவில்லை. ஜெபா ஓடினாள். ஆமை கிடந்தது. அவளைக் கண்டு நாய் ஒன்று விலகிப் போனது. இருபதடி தள்ளி, சவுக்கு மரத்தில் சாய்ந்து அப்பா உட்கார்ந்திருந்தார்.

“நைனா.”

கன்னத்தைத் தொட்டாள். கையை இழுத்துக்கொண்டாள்.

பின்னால் இனியன் ஆம்புலன்ஸ் வண்டிக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். “ஆமாண்ணாத்த, பட்டிபுலம் தோப்பாண்ட. இல்ல... அவசரமில்ல. மெதுவாவே வா.”

அலையில் நனையாமலிருக்க அவர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தார். ஜெபா மண்டியிட்டு ஒரு காலின் மடிப்பைப் பிரித்தாள். மணல் கொட்டியது. கணுக்கால்வரை இழுத்துவிட்டுத் தட்டினாள். பிறகு இன்னொரு காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.