எதுக்கு என்று கேட்ட பெனினா

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் செய்தியிலிருந்து வந்தது. யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் உபவாசத்துக்கு முந்தைய வாரம், இஸ்ரேலில் எங்கள் ஹைஃபா கட்டடத்துக் குழுவில் ஆளாளுக்கு ஒரே வாசகத்தை அனுப்புவார்கள்: "யார் மனசையாவது புண்படுத்தியிருந்தா மன்னிச்சிடுங்க." மற்றவர்கள் பூப்படம் போடுவார்கள். மூன்றாம் மாடிப் பல் டாக்டர் அசாயேலுக்கு மட்டும் முதல் மாடி பெனினா பதில் அனுப்பினாள்: "எதுக்கு?" மூன்று வருடமாக இதே பதில்.

(இதை நான் தமிழில் எழுதுவது கலைக்காக அல்ல. அவர்கள் இருவருக்கும் தமிழ் தெரியாது.)

2

"காதல் கண்ணை மறைக்க, அசாயேல் அன்று..."

வேண்டாம், நேராகவே சொல்கிறேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அசாயேல், பெனினாவுக்கு நிச்சயமான மாப்பிள்ளையின் அம்மாவுக்கு போன் போட்டு, அவளுக்கு வலிப்பு நோய் என்று சொன்னான். பச்சைப் பொய். கல்யாணம் நின்றது. அவளை ஆசைப்பட்ட இவனுக்கும் அவள் கிடைக்கவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு நாள் இதை என்னிடம் உளறினான். நான் உங்களிடம் உளறுகிறேன். புறம் கேட்பவருக்கும் பாவத்தில் பங்குண்டு என்பது இவர்கள் சட்டம். வந்துவிட்டீர்கள், உட்காருங்கள்.

3

மூன்றாவது "எதுக்கு?" வந்ததும் அசாயேல் துள்ளிக்கொண்டு யூத குருவான ரபியிடம் ஓடினான்.

"ரபி, மூணு தடவை கேட்டும் மன்னிக்கலேன்னா, கேட்டவன் தப்பிச்சான்தானே?"

"ஆமா. அவங்க என்ன சொன்னாங்க?"

"எதுக்குன்னாங்க. மூணு தடவையும்."

"அது மறுப்பு இல்ல டாக்டர், கேள்வி. போய் பதில் சொல்லுங்க. நேர்ல. போனை வீட்ல வச்சிட்டுப் போங்க."

4

நான் எழுதிப் பார்த்த முடிவுகள். (அ) பெனினா அழுது மன்னிக்கிறாள். பத்திரிகைகளுக்குப் பிடிக்கும், எனக்குக் குமட்டுகிறது. (ஆ) கன்னத்தில் ஒன்று விடுகிறாள். ஆசையாக எழுதி, கோடு போட்டு அடித்துவிட்டேன். அவள் கையில் சூப் கரண்டி இருந்தது.

5

நடந்தது இது. உபவாசம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது அசாயேல் பெனினா வீட்டுக் கதவைத் தட்டினான். நான் குப்பைப் பையோடு படியில் நின்றேன். (கதை எழுதுகிறவர் வேறு எங்கே நிற்பது?)

"மன்னிச்சிடு பெனினா."

"ஸ்கூட்டரை வழியில வைக்கிறியே, அதுக்கா? மன்னிச்சாச்சு. நல்ல பல்லைப் புடுங்கினியே, அதுவும் போகட்டும். வேற?"

"பொதுவா... எல்லாத்துக்கும்."

"பொதுவா எனக்கு ஒண்ணும் நடக்கல அசாயேல். ஒரு விஷயம்தான் நடந்துச்சு. போன் பண்ணது யாருன்னு மாப்பிள்ளையோட அம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க. நீ வாயைத் திறந்து சொல்லுவேன்னுதான் வருஷா வருஷம் கேட்டுட்டிருக்கேன்."

அவன் கை போனைத் தேடி சட்டைப் பையைத் தடவியது. எனக்கு அவன் மேல் இரக்கம் வந்துவிட்டது. அவளை நினைத்தால், அப்படி இரங்கியது வெட்கமாகவும் இருந்தது.

6

அவன் சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதி வைத்திருந்தேன். கல்லும் கரையும்படி இருந்தது. கிழித்துப் போட்டேன். நான் எழுதிக் கொடுத்து அவன் ஒப்பித்தால், வருந்தியது நானாகிவிடும். நீங்களும் அவனுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

பெனினா கதவைச் சாத்தவில்லை. சூப் ஆறுகிறது. அதைச் சொல்ல அவனுக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது. உங்களுடையதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.